பதினாறு ரெக்கார்டு நோட்டுகள்

அதில்லை அம்மிணி. அது டிராயிங் நோட்டு. அதில் மூன்று வாங்கி வீட்டில் அடுக்கியாச்சு. எனக்கு வேண்டியது பள்ளிக்கூடப் பிள்ளைகள் சயின்ஸ் பாடத்துக்கு வைத்திருக்குமே, ரெக்கார்டு நோட்டு, அது. ஒரு பக்கம் கோடு போட்டிருக்கும், எதிர்ப்பக்கம் ஒன்றுமில்லாமல் வெள்ளையாக இருக்கும். கெட்டி அட்டை.

பரண் மேலே இருக்கிறதா? எடுங்க. சீசன் இல்லாத சமயத்தில் வந்து கேட்கிறேன், தெரிகிறது. ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன், பயப்படாமல் ஏறுங்க. அம்பத்தெட்டுக் கிலோவை இந்த ஏணி தாராளமாகத் தாங்கும். கோவிச்சுக்காதீங்க, அது என் தொழில். எதைப் பார்த்தாலும் எடைதான் முதலில் தெரியும். ஆட்டு வியாபாரம். முப்பத்தோரு வருஷம். புதன்கிழமைச் சந்தையில் போய் கெடா நாச்சிமுத்து யார் என்று கேட்டுப் பாருங்க. நல்லதாகச் சொல்ல மாட்டார்கள், ஆனால் சொல்வார்கள்.

இன்றைக்குப் புதன்தான். ஆமாம், போகவில்லை. சொல்கிறேன்.

நோட்டு யாருக்கென்றால், என் சம்சாரத்துக்கு. கருணாம்பாள். அம்பத்தோரு வயசு. எட்டு மாசமாக அவள் பென்சிலைத் தொடவில்லை. மறுபடி தொட வைக்கணும். எனக்கு இப்போதைக்கு வேண்டியது அது ஒன்றுதான். வீட்டில் சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. சோறு நேரத்துக்கு வருகிறது, துணி துவைத்து மடித்து வருகிறது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

எங்கள் மகள் நர்சிங் படித்தாள். படிப்பு முடிந்து, கல்யாணமாகி ஓசூர் போனதற்கப்புறம் அலமாரியில் எழுதாத ரெக்கார்டு நோட்டு நாலு கிடந்தது. பழைய பேப்பர்காரனுக்குப் போடு என்றேன். கருணாம்பாள் போடவில்லை. காலையில் பட்டியில் புழுக்கை கூட்டி, தழையைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். எதிரில் எந்த ஆடு கட்டியிருக்கிறதோ அதை வரைந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தினம் ஒன்று. வெள்ளைப் பக்கத்தில் ஆடு. கோடு போட்ட பக்கத்தில் ஒரே ஒரு வரி. 'இது முருங்கையைத் தண்டோட தின்னும்.' 'இதுக்கு மழைன்னா பயம்.' 'இது என் முந்தாணியை விட மாட்டீங்குது.' அப்படி எழுதுவாள். நாலும் தீர்ந்ததும் அதே மாதிரி நோட்டாகத் தேடி வாங்கிக்கொண்டாள். எங்கள் பட்டியில் ஒரு ஆடு பத்து நாள் நின்றாலே அதிகம். வாங்குவேன், தேற்றுவேன், விற்பேன். அதற்கு மழை என்றால் பயமாக இருந்தால் எனக்கென்ன, பயமில்லாவிட்டால் எனக்கென்ன?

ஆனாலும் முதலில் எனக்குப் பெருமைதான். பொய் சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்த வியாபாரிகளிடம் எடுத்துக் காட்டினேன். போட்டோ மாதிரி இருக்குதுங்க என்றார்கள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து வந்தேன். குழம்பு கொதிக்கும்போது கேட்டாள்.

"ஏனுங்க, இது அந்த ஒத்தக் கொம்பன் கறிங்களா?"

"ஆமா. கசாப்புக்காரருக்கு நேத்துத்தான் குடுத்தேன். எளசு. நல்லா வேகும்."

வேக வைத்தாள். எனக்குப் போட்டாள். அவள் ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள். உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். அடுத்த வாரமும் கேட்டாள், இது எதுங்க என்று. எதுன்னு யாருக்குத் தெரியும், கறி கறிதான் என்றேன். அதற்கு அவள், "எதுன்னு தெரியலீன்னா எல்லாமே அதுதானுங்க" என்றாள். அன்றிலிருந்து தொடவில்லை. அஞ்சு வருஷம்.

எனக்குக் கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க. ஆட்டு வியாபாரி பெண்டாட்டி ஆடு தின்ன மாட்டாள் என்றால் ஊர் என்ன பேசும்? ஒரு நாள் நன்றாகக் கத்திவிட்டேன். "ஏண்டி, நீ திங்காம இருந்தா ஆடு சாகாம இருக்குமா?"

"அதெப்படீங்க இருக்கும்."

"அப்ப நாங்க திங்கறது பாவம்ங்கற."

"நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்? எல்லாரும் தின்னட்டும். வரைஞ்சதுக்கப்பறம் எனக்கு எறங்க மாட்டீங்குது, அவ்ளோதான்."

"அப்ப வரையாத."

"கண்ணு சும்மா இருக்குமுங்களா" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இவளோடு சண்டை போடுவது தண்ணீரைக் குத்துகிற மாதிரி அம்மிணி. நான் கத்திக்கொண்டே இருப்பேன். அவள் என் தட்டில் எலும்பு பார்த்து எடுத்து வைத்துக்கொண்டே இருப்பாள். ஒன்று சொல்லணும், தின்பதை விட்டாளே தவிர சமைப்பதை விடவில்லை. அவள் வைக்கிற குடல் குழம்புக்குச் சந்தையில் பாதிப் பேர் அடிமை. வாயில் வைக்காமலே சமைப்பாள். இறக்குவதற்கு முன்னால் கரண்டியில் கொஞ்சம் ஊற்றி உள்ளங்கையை நீட்டச் சொல்வாள். "உப்பு மட்டும் பாத்துச் சொல்லுங்க." அஞ்சு வருஷமும் உப்புப் பார்த்தது நான்தான்.

கிடைக்கவில்லையா? அந்த மூலையில் பாருங்க, காலண்டர் கட்டுக்குப் பின்னால். ஏணி ஆடாது. நான் இருக்கிறேன்.

அவள் என்னவோ ஆட்டை அவள் ஒருத்திதான் பார்த்த மாதிரி நடந்துகொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் பார்க்காத ஆடா? பதினாலு வயசில் ஆட்டை ஓட்டிக்கொண்டு நடையாகவே சந்தைக்குப் போனவன் நான். முதல் முதலாகச் சொந்தக் காசில் வாங்கிய ஆடு உப்புத் தண்ணி ஏத்தின ஆடு. தவிட்டில் உப்பைக் கலந்து கொடுத்து, தாகம் எடுத்துத் தண்ணி குடிக்க வைத்து, வயிறு முட்ட நிற்க வைத்து எனக்குத் தள்ளிவிட்டார்கள். வீடு வந்து சேருவதற்குள் வழியெல்லாம் மூத்திரம் பெய்துகொண்டே வந்தது. பதினாறு கிலோவுக்கு வாங்கிய ஆடு வாசலில் வந்து பதிமூன்று கிலோவாக நின்றது. அன்றைக்கு முடிவு பண்ணினேன், இனி எவனும் என் கண்ணைக் கட்ட முடியாது என்று. முதுகெலும்பில் விரலை வைத்து ஒரு தூக்குத் தூக்கினால் கால் கிலோ முன்னே பின்னே சொல்லுவேன். வாயைப் பிளந்தால் பல்லை வைத்து வயசு சொல்லுவேன். இதையெல்லாம் அவளிடமும் சொன்னேன்.

"நீங்க தூக்கிப் பாக்கறீங்க, நான் உக்காந்து பாக்கறேன்" என்றாள்.

சரி, அந்த விஷயத்துக்கு வருகிறேன். போன ஆடிக்கு முன்னால். கொத்தனார் ஆறுச்சாமி என்று ஒருத்தன், பக்கத்து ஊர். பேத்திக்குக் காதுகுத்து. கருப்பண்ண சாமிக்குக் கெடா வெட்டுவதாக வேண்டுதல். குடும்பத்தோடு வந்து என் பட்டியில் ஒரு கறுப்புக் கெடாவைப் பிடித்தான். அவர்கள் வழக்கத்தில் பிடிக்கிற இடத்திலேயே சாமியிடம் கேட்டுவிடுவார்கள். மஞ்சள் தண்ணியை ஆட்டின் தலையில் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். இந்தக் கெடா ஒரே தெளிப்பில் சிலிர்த்தது. எல்லோரும் கும்பிட்டார்கள். அவர்கள் வீட்டில் கட்ட இடமில்லை. எட்டு நாள் உங்ககிட்டயே இருக்கட்டும் என்று முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நாலாம் நாள் பாலக்காட்டு வியாபாரி வந்தார். அந்தக் கெடாதான் வேண்டும் என்று நின்றார். விலை அப்படி. கொடுத்துவிட்டேன். ஆனால் ஏமாற்றவில்லை, கேளுங்க. அதே கறுப்பு, அதே உயரம், அதே பல், காதுக்குக் கீழே அதே மாதிரி வெள்ளைத் திட்டு. சந்தை சந்தையாக அலைந்து தேடிப் பிடித்துக் கட்டினேன். எடை அரைக் கிலோ கூடவே இருந்தது. என் கைக்காசு போட்டுத்தான் வாங்கினேன். மஞ்சள் தண்ணி தெளித்தால் எந்த ஆடுதான் சிலிர்க்காது? குளிர்ந்த தண்ணி பட்டால் நீங்களும் சிலிர்ப்பீர்கள், நானும் சிலிர்ப்பேன். எடை சரியாகத்தான் இருந்தது.

எட்டாம் நாள் ஆறுச்சாமியும் அவன் பெண்டாட்டியும் வந்தார்கள். அவள் கெடாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "ஏனுங்க, இது அது மாதிரி தெரியலீங்களே" என்றாள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கறேன், எனக்கு ஆடு தெரியாதா, உனக்குத் தெரியுமா" என்று ஒரு சத்தம் போட்டேன். ஆறுச்சாமி பயந்து, "விடு புள்ள, அண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றான். முடிந்தது அவ்வளவுதான். கயிற்றை அவிழ்க்கப் போனேன். அந்தப் பொம்பளை கட்டில் மேலே கிடந்த நோட்டை எடுத்துப் புரட்டிவிட்டாள்.

தேதி போட்டிருந்தது. கறுப்புக் கெடா. இடது காது நுனியில் சின்னதாக ஒரு கிழிசல், வேலியில் மாட்டியிருக்கும். எதிர்ப்பக்கத்தில் கருணாம்பாள் கையெழுத்து. 'சாமிக்குக் குறிச்சது. காது கிழிஞ்சிருக்குது. கூப்பிட்டாத் திரும்பிப் பாக்குது.' நான் கட்டி வைத்திருந்த கெடாவுக்கு இரண்டு காதும் முழுசாக இருந்தன. எடையைப் பார்த்தேன், பல்லைப் பார்த்தேன், திட்டைப் பார்த்தேன். காது நுனியைப் பார்க்கவில்லை.

அந்தப் பொம்பளை நோட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கருணாம்பாள் முன்னால் நின்றாள். "அக்கா, நீங்க சொல்லுங்க. இது அதுதானா?"

நான் கருணாம்பாளைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கட்டின புருஷன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "நோட்டுல இருக்கறதுதானுங்க அது" என்றாள்.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆறுச்சாமி மண்ணை வாரித் தூற்றவில்லை, ஒன்றும் செய்யவில்லை, சாமி பாத்துக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அடுத்த புதன் சந்தைக்குள் நுழைகிறேன், எவனோ ஒருத்தன், "கெடா நாச்சிகிட்ட ஆடு வாங்கறதுன்னா படத்தோட வாங்கோணுமப்பா" என்றான். சந்தையே சிரித்தது. ஒருத்தன் கேட்டான், "ஏனுங்க, ஜெயில்ல எடுக்கற மாதிரி முன்னால ஒன்னு, சைடுல ஒன்னு போட்டுத் தருவாங்களா?" முப்பத்தோரு வருஷத்துப் பேரு அம்மிணி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். பதினாறு நோட்டையும் அள்ளிக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பில் வைத்தேன். ஒவ்வொன்றாகத்தான் வைத்தேன். தாள் உடனே பிடித்துக்கொண்டது. அட்டை எரியத்தான் நேரமாயிற்று. கருணாம்பாள் பட்டியிலிருந்து வந்தாள். பார்த்தாள். அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் அண்டாவுக்குள் விரலை விட்டுச் சூடு பார்த்தாள்.

"தண்ணி காஞ்சிருச்சுங்க. குளிச்சுப்போட்டு வாங்க, தோசை ஊத்தறேன்."

குளித்தேன். தண்ணீர் நல்ல சூடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து வந்தேன். எனக்குப் போட்டாள். அப்புறம் தனக்கும் ஒரு தட்டு எடுத்து, நாலு துண்டு போட்டு, எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். எலும்பைக் கடித்து உறிஞ்சிச் சாப்பிட்டாள். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. அஞ்சு வருஷ வழக்கு ஒரு நாளில் தீர்ந்தது. மறுநாள் மகளுக்குப் போன் போட்டு, உங்கம்மா கறி திங்கறா தெரியுமா என்றேன். எப்ப இருந்துப்பா என்று கேட்டாள். அப்புறம், அம்மாகிட்டக் குடுங்க என்றாள். கொடுத்தேன். நல்லாத்தான் பேசினார்கள்.

எட்டு மாசம். எது போட்டாலும் சாப்பிடுகிறாள். ஆடு, கோழி, மீன். இது எதுங்க என்று கேட்பதே இல்லை. நாலு கிலோ கூடியிருக்கிறாள், எனக்குத் தெரியாதா? உடம்புக்கு நல்லதுதான். ஆனால் பட்டியில் புழுக்கை கூட்டுகிறாள், குனிந்த தலை நிமிர்வதில்லை. முந்தாணியை ஆடு இழுத்தால் பிடுங்கிக்கொண்டு போகிறாள், எந்த ஆடு என்று பார்ப்பதில்லை. என்னிடம் பேசும்போது என் சட்டைப் பட்டனைப் பார்த்துப் பேசுகிறாள். குழம்பு இறக்கும்போது நான் கையை நீட்டிக்கொண்டு போய் நின்றேன் ஒரு நாள். "நானே பாத்துட்டனுங்க, சரியா இருக்குது" என்றாள். சரியாகத்தான் இருந்தது. எனக்கு என்னவோ வாய்க்குப் பிடிக்கவில்லை. இப்போதெல்லாம் கறி எனக்குச் செரிப்பதில்லை. வாயு. வயசாகிறதல்லவா?

அதனால் நோட்டு வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். நல்ல நோட்டு, ஒவ்வொன்றும் நூத்தம்பது ரூபாய்க்கு மேலே. வாங்கிப் பார்த்து, "நல்லா இருக்குதுங்க" என்று அலமாரியில் வைத்தாள். மூன்றும் அங்கேயே கிடந்தன.

சந்தையில் ஒரு வித்தை உண்டு அம்மிணி. சில பேர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஊமை மாதிரி நிற்பார்கள். விலை சொல்ல மாட்டார்கள். அவர்களை வாய் திறக்க வைக்க ஒரே வழி, தப்பான விலை சொல்வதுதான். பதினஞ்சு கிலோக் கெடாவைப் பார்த்து, இது ஒரு எட்டுக் கிலோ இருக்குமா என்று கேட்டால் போதும். எவனாலும் பொறுக்க முடியாது. கண்ணு என்ன அவிஞ்சு போச்சா என்று ஆரம்பிப்பான். ஆரம்பித்துவிட்டால் பேரம் நம் கையில்.

இவளிடமும் அதையே செய்தேன். அந்த டிராயிங் நோட்டில் ஒன்றை எடுத்து நானே ஆடு வரைய ஆரம்பித்தேன். தினம் ஒன்று, காலையில், அவள் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்து. வேணுமென்றே தப்பாகத்தான் வரைந்தேன். கால் முட்டி எதிர்ப்பக்கம் மடங்கும், தாடி கழுத்தில் இருக்கும், கொம்பு காதுக்குக் கீழே. வேணுமென்றேதான். சரியாக வரைந்து பார்க்கலாம் என்று ஒரு நாள் முயற்சி பண்ணினேன், அதுவும் அப்படியேதான் வந்தது, அது வேறு விஷயம். பதினெட்டு நாள் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் காப்பி டம்ளரை அந்தப் படத்தின் மேலேயே வைத்துவிட்டுப் போனாள்.

இன்றைக்குக் காலையில் விளக்குமாற்றோடு வந்தவள் நின்றாள். நோட்டைப் பார்த்தாள்.

"செத்த ஆட்டப் போட்டிருக்கறீங்க."

ஆரம்பித்துவிட்டாள். காட்டிக்கொள்ளவில்லை. "உசுரோட இருக்கறதத்தான் போட்டேன்" என்றேன் வீம்பாக.

"இல்லீங்க. உசுரோட இருக்கறத நீங்க எங்க பாத்தீங்க? அந்தச் செவலை ஆட்டு முன்னால போய் உக்காருங்க. ஒரு மணி நேரம் பாருங்க." ரெண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிச் சொன்னாள். "தூக்காதீங்க."

வேன் வந்து வாசலில் ஹாரன் அடித்தது. சந்தைக்கு நேரம். போகச் சொல்லிவிட்டேன். காய்ச்சலில்கூட நான் சந்தை தவறியதில்லை. அந்தக் கூடையைக் கவிழ்த்துப் போட்டுச் செவலை முன்னால் உட்கார்ந்தேன். கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அது என்னைப் பார்த்தது. பதினாலரைக் கிலோ, ரெண்டு பல். அது தெரியும். அப்புறம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அது தின்ன ஆரம்பித்தது. மெல்லும்போது தாடை மேலும் கீழும் போவதில்லை அம்மிணி, பக்கவாட்டில் போகிறது, ஒரே பக்கமாக. எத்தனை ஆயிரம் வாயைப் பிளந்து பல் பார்த்திருப்பேன். மெல்லும்போது ஒன்றையும் பார்த்ததில்லை. கண்ணில் கருமணி படுக்கைவாட்டில் இருக்கிறது, உண்டியலில் காசு போடுகிற சந்து மாதிரி. உங்களுக்குத் தெரியுமா அது? முப்பத்தோரு வருஷம். ஒரு ஈ வந்து அதன் கண் ஓரத்தில் உட்கார்ந்தது. காதை ஆட்டி விரட்டியது. மறுபடி வந்தது. மறுபடி விரட்டியது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெயில் வந்து தோளைச் சுட்டபோதுதான் ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆகிவிட்டது தெரிந்தது.

மத்தியானம் சோறு போட்டாள். நேற்று எடுத்த கறி. கருணாம்பாள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தேன். மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். போகவில்லை. வாயுத் தொந்தரவு இன்றைக்குக் கொஞ்சம் அதிகம், வேறொன்றுமில்லை. துப்பித் தட்டு ஓரமாக வைத்துவிட்டு, மோர் ஊத்து என்றேன். மோரை எடுத்தவள் ஊற்றாமல் அப்படியே கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வரைவதற்கு முன்னால் அவள் எப்படிப் பார்ப்பாள் என்று நான் உங்களிடம் சொல்லவில்லை, இல்லையா? காதில் ஆரம்பிப்பாள். காதிலிருந்து தாடை. தாடையிலிருந்து கழுத்து. ஒவ்வொரு இடத்திலும் நிற்பாள், அவசரமே கிடையாது. கண்ணுக்குக் கடைசியில்தான் வருவாள். கண்ணுக்கு வந்துவிட்டால் பென்சிலை எடுத்துவிடுவாள். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், பட்டியில் கயிறு அவிழ்த்துக்கொண்டே.

இன்றைக்கு மோர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு என் காதைப் பார்த்தாள். எனக்கு முதலில் புரியவில்லை, சோறு ஒட்டியிருக்கிறதோ என்று துடைத்தேன். அப்புறம் தாடைக்கு வந்தாள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தேன் போலிருக்கிறது, நிறுத்திவிட்டேன். கழுத்துக்கு வந்தாள். அங்கே ரொம்ப நேரம் நின்றாள். எச்சில் விழுங்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது. சந்தையில் எத்தனை கூட்டத்துக்கு நடுவில் நின்றிருக்கிறேன், ஒருத்தன் பார்வைக்கும் நான் அசைந்ததில்லை.

கண்ணுக்கு வருவதற்குள் நான் எழுந்துவிட்டேன் அம்மிணி. ஏன் எழுந்தேன் என்று கேட்காதீங்க. வீட்டில் சரியான நோட்டு இல்லை, அதனால்தான். வேறென்ன? அவள் வேண்டாம் என்று வைத்த நோட்டில் போய் எப்படி வரைவாள்? கையைக் கழுவினேன், செருப்பை மாட்டினேன், பஸ் ஏறினேன்.

கிடைத்துவிட்டதா? குடுங்க. இதேதான். கோடு, வெள்ளை. தூசியை நான் தட்டிக்கொள்கிறேன். மெதுவாக இறங்குங்க. சில்லறை இருக்கட்டும், பஸ்ஸுக்கு நேரமாயிற்று. தட்டை எடுக்காதே, மோர் ஊத்தாதே, அப்படியே உக்காந்திரு, வந்துடறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.